ராசா வாய் திறக்கக் கூடாது

"நான் என்ன சொல்ல வாரேன்னா மதினி—"

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். ராசா வாய் திறக்கக் கூடாது. நான் சொல்லுதேன், நீ கேளு. ஓடைக்கு மேல—"

"அதில்ல மதினி, அந்தா அக்கரையில—"

"—ஓடைக்கு மேல கெடந்த பாலம் இடிஞ்சு மூணு மழை ஆச்சு. இந்த வயசுல நான் பனந்தடியில காலை வெச்சு—"

"பேச்சிமுத்து வாரான்! கையில ஓலை வெச்சிருக்கான்! அரமனை முத்திரை தொங்குது!"

"வந்தா வரட்டும். அவன் பொறக்கும்போதே கால் முன்னால வந்தவன். அவன் வர்றதைப் பார்த்து நான் பயப்படவா? ராசா இடையில பேசினா அந்த வீட்டு அரிசி செல்லாது, தெரியும்லா? மறுபடி முதல்லேர்ந்து சொல்லுதேன். ஓடைக்கு மேல—"

இப்படி ஒருவர் பேச்சின்மேல் ஒருவர் ஏறிப் பேசிக்கொண்டிருந்த இருவரில் ஒருவன் ராஜா, இன்னொருத்தி மருத்துவச்சி. ராஜாவின் பெயர் சுடலைமுத்து. மற்ற நாட்களில் மாட்டுவண்டி ஓட்டுபவன். அன்று தலையில் பனையோலையில் முடைந்து ஜிகினா ஒட்டிய கிரீடமும், கையில் அரிசி வாங்க ஒரு கடகப்பெட்டியுமாக நின்றான். மருத்துவச்சி வேலம்மை அவனுடைய காலஞ்சென்ற அண்ணனின் மனைவி. கையில் ஒரு படி அரிசியுடன் தன் வாசலில் நின்றாள்.

பேச்சிமுத்து ஊர்க்காவலன். அவன் பனந்தடியைக் கடந்து, மூச்சு வாங்க வந்து, ஓலையைப் பிரித்தான்.

"ஆத்தா, கோவிச்சுக்கிடாத. சட்டம் வந்திருக்கு. வாசிக்கேன். 'கிரீடம் அணிந்தவர் கையேந்தலாகாது. கையேந்துபவர் கிரீடம் அணியலாகாது. மீறுபவர் யாராயினும், அந்த இடத்திலேயே இரண்டில் ஒன்றை இறக்கிவிட வேண்டும்.' சுடலை அண்ணே, எதை எறக்குதீரு?"

சுடலைமுத்து பெட்டியைப் பார்த்தான். கிரீடத்தைத் தொட்டுப் பார்த்தான். அவன் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் பேச்சிமுத்துவே கிரீடத்தைக் கழற்றி, பத்திரமாகக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"நான் ஒரு தப்பும் செய்யலியே மதினி!"

"வாயைத் திறந்தேல்லா," என்றாள் வேலம்மை. "அதான்."

மகுடபுரி என்ற நாட்டில் ஏழோடை என்ற ஊரில் இது நடந்தது. ஏழோடையில் ஓடை ஒன்றுதான். மற்ற ஆறும் அரசாங்க ஏடுகளில் மட்டும் வற்றாமல் ஓடின. ஊர் சிறியது. பெருமைப்பட அதிகம் ஒன்றுமில்லை, ஒன்றைத் தவிர. ஆண்டுதோறும் புரட்டாசிக் கடைசியில், அடைமழைக்கு முன்னால், அங்கே முன்கதை விழா நடக்கும். பாட்டு, பறை, கோலாட்டம், சுவரெல்லாம் சித்திரம் என்று மூன்று நாள் இரவும் ஊர் விழித்திருக்கும். முடிவில் ஊரின் பழங்கதையைக் கூத்தாக ஆடுவார்கள். யார் எந்தக் குளத்தை வெட்டினார், யார் தூர்த்தார், எந்தப் பஞ்சத்தில் எந்த ராஜா களஞ்சியத்தைப் பூட்டிக்கொண்டு தூங்கினார், எல்லாம் அதில் வரும். பார்க்கக் காசு கிடையாது. அவரவர் பாயை அவரவர் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான்.

இலவசம் என்றால் செலவே இல்லை என்று பொருளல்ல. விளக்குக்கு எண்ணெய் வேண்டும், பறைக்குத் தோல் வேண்டும், ஆடுகிறவர்களுக்குச் சோறு வேண்டும். அதற்கு ஏழோடையில் ஒரு வழக்கம் இருந்தது. கூத்தில் ராஜாவாக ஆடப்போகிறவன் எவனோ, அவன் விழாவுக்குச் சில மாதங்கள் முன்பே கிரீடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கையேந்த வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்காரரும் ஒரு படி அரிசி போடுவார். அரிசியோடு ஒரு வசவும் போடுவார். உன் ஆட்சியில் என் கிணறு ஏன் நாறுகிறது, உன் ஆள் என் மாட்டை ஏன் பிடித்துக்கொண்டு போனான், இப்படி எது மனதில் உறுத்துகிறதோ அதை. ராஜா பதில் சொல்லக் கூடாது. கேட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். அரிசி அடுப்புக்குப் போகும். வசவு கூத்துக்குப் போகும்.

முதல் படி எப்போதும் மருத்துவச்சி வாசலில்தான். ஊரில் தலையை நீட்டிய எல்லோரையும் முதலில் தொட்ட கை அவளுடையது என்பதால், முதலில் கொடுக்கும் கையும் அதுவே என்று வைத்திருந்தார்கள். அவள் போட்ட பிறகுதான் மற்றவர்கள் போடுவார்கள்.

கூத்து நடக்கும்போது முன்வரிசைப் பாய் ஒன்றை அரசாங்க அதிகாரிக்கென்று காலியாக விடுவார்கள். அவர் வந்து உட்கார்ந்து, ஊரே சிரிக்கச் சிரிக்க எல்லா வசவையும் கேட்பார். எந்தக் குறைக்கு அதிகச் சிரிப்பு எழுந்ததோ, மறுநாள் காலையிலேயே அந்த இடத்தில் மண்வெட்டியோடு ஆள் நிற்பார்கள். மனுக்களால் ஆகாத காரியமெல்லாம் அந்தச் சிரிப்பால் ஆகிக்கொண்டிருந்தது.

அந்த வருஷம் வேலம்மைக்குச் சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பாலம். அவள் வீடு ஓடைக்கு இக்கரையில், ஊர் அக்கரையில். பாலம் இடிந்த இடத்தில் யாரோ போட்ட ஒரு பனந்தடி கிடந்தது. வெயில் காலத்தில் அதில் நடந்துவிடலாம். அடைமழை பிடித்தால் தடி தண்ணீருக்குள் போய்விடும். போன மழையில் மேலத்தெருவில் ஒருத்திக்கு வலி எடுத்து, ஆள் வந்து அக்கரையில் நின்று கத்தினான். வேலம்மை இக்கரையில் நின்று கத்தினாள். அவள் கத்திச் சொல்லச் சொல்ல, அக்கரையில் யாரோ கைவைத்து, எப்படியோ பிள்ளை பிறந்தது. இந்த ஐப்பசியில் சுடலைமுத்துவின் மனைவி செண்பகத்துக்கு நாள். தலைப்பிள்ளை. அதுவும் குறுக்கே கிடக்கிறது என்று வேலம்மையின் கை சொல்லியிருந்தது. இதை அவள் சுடலையிடம் சொல்லவில்லை. பாலம் வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சட்டம் பிறந்த கதை இது.

"மாமன்னரே," என்றான் ஓர் ஒற்றன். "ஏழோடையில் ஆண்டுதோறும் மன்னர் ஒருவர் வீடு வீடாகப் பிச்சை எடுக்கிறார்."

மாமன்னர் கீர்த்திசேனர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எந்த நாட்டு மன்னர்?"

"தெரியவில்லை. ஆனால் மீசை தங்களுடையதைப் போலவே இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் சற்றுத் தொங்குகிறது."

சபையில் இருந்த எல்லோரும் மாமன்னரின் மீசையைப் பார்க்காமல் இருக்க முயன்றார்கள்.

விழாத்துறை அமைச்சர் அம்பலவாணர் எழுந்தார். மகுடபுரியில் விழாத்துறைக்குத்தான் மிகப் பெரிய மாளிகை. மராமத்துத்துறை அதன் மாடிப்படிக்குக் கீழே இயங்கியது. "மாமன்னரே, கிரீடம் என்பது கொடுக்கும் தலையில் இருப்பது. அது கையேந்தினால் நாட்டின் மானம் என்ன ஆவது? மேலும் ஓலை நாள் நெருங்குகிறது."

ஐந்தாண்டுக்கு ஒருமுறை மகுடபுரியில் ஓலை நாள் வரும். குடிமக்கள் ஆளுக்கொரு ஓலையைக் குடத்தில் போடுவார்கள். இந்த ராஜாவே போதும் என்றால் ஓர் ஓலை, வேறு ராஜா வேண்டுமென்றால் வேறோர் ஓலை. அதற்கு முந்தைய மாதங்களில் மாமன்னருக்கு மக்கள்மேல் வரும் அன்பு பார்க்கப் பார்க்கத் திகட்டாது.

அப்படித்தான் சட்டம் எழுதப்பட்டது. "யாராயினும்" என்ற சொல்லை மாமன்னரே தம் வாயால் சொல்லிச் சேர்த்தார். "சட்டத்தின் முன் பெரியவர் சிறியவர் இல்லை என்பதை நாடு அறியட்டும்" என்றார். சபை எழுந்து நின்று கைதட்டியது.

"ஆனால் விழா நிற்கக் கூடாது," என்று தொடர்ந்தார் மாமன்னர். "இனி முன்கதை விழாவை நாமே நடத்துவோம். முற்றிலும் இலவசமாக. உலகத்திலேயே மிகப் பெரிய இலவச விழாவாக."

"இப்போதும் இலவசம்தான் மாமன்னரே," என்றார் ஒரு கிழட்டு அதிகாரி.

"இது அரசாங்க இலவசம்," என்றார் அமைச்சர். அந்த அதிகாரிக்கு மறுநாளே ஓய்வு கொடுக்கப்பட்டது.

அரசாங்க இலவசத்துக்குப் பணம் வேண்டுமல்லவா? முன்பு வேஷக்காரன் வாசல் வாசலாகப் போய் வாங்கினான் என்பதால், வாசலுக்கு இவ்வளவு என்று வரி போடுவதுதான் மரபுக்கு மரியாதை என்று அமைச்சர் கண்டுபிடித்தார். இலவச விழா வாசல் வரி என்று அதற்குப் பெயர். படியால் அளந்து கொடுத்தவர்கள் மூட்டையால் அளக்க வேண்டியிருந்தது.

ஏழோடைக்காரர்கள் அமைதியானவர்கள். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. வாசலை அடைத்துவிட்டார்கள். செங்கல் வைத்துப் பூசி, ஜன்னல் வழியாகப் போகவும் வரவும் தொடங்கினார்கள். வரி வாங்க வந்தவர்கள் தெருவில் நின்று தட்டுவதற்குக் கதவு தேடினார்கள். அந்த ஆவணியில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையைக் காலைப் பிடித்து ஜன்னலுக்குள் தள்ளினார்கள். மாலை கம்பியில் மாட்டிக்கொண்டது. மாமியார்கள் கொஞ்சம் பருமனாக இருந்த வீடுகளில் வேறு சிக்கல்கள் வந்தன.

"நீங்களும் அடைச்சிருங்க மதினி," என்றான் சுடலைமுத்து.

"நான் எப்படிலே அடைக்க? வலி எடுத்து ஓடி வாரவன் ஜன்னலைத் தேடிக்கிட்டு நிப்பானா? பிள்ளைத்தாச்சி வீட்டுக்கு நான் ஜன்னல்ல ஏறிக் குதிச்சுப் போறதே போதும்."

அவள் மட்டும் வரியைக் கட்டினாள். கம்மலை விற்றுக் கட்டினாள் என்று சொல்வார்கள். அப்படியாக ஏழோடையில் கதவு வைத்த வீடு ஒன்றே ஒன்று மிஞ்சியது.

வரி வரவில்லை என்றதும் அமைச்சர் புரவலர்களைத் தேடிப் போனார். புரவலர்கள் நல்லவர்கள். காட்சிக்கொருவராகக் கூத்தை வாங்கிக்கொண்டார்கள்.

"பஞ்சக் காட்சிக்கு நான் தருகிறேன்," என்றார் ஒரு நெல் வியாபாரி. "ஆனால் பஞ்சம் மட்டும் வேண்டாம்."

"பஞ்சக் காட்சியில் பஞ்சம் இல்லாமல் எப்படி?"

"என் பெயரைப் பஞ்சத்துக்குப் பக்கத்தில் எழுதினால் என் கடைக்கு யார் வருவார்கள் அமைச்சரே? விளைச்சலாக மாற்றுங்கள். அமோக விளைச்சல்."

அமைச்சர் கதைச் சுவடியைப் புரட்டினார். "களஞ்சியத்தைப் பூட்டிய மன்னர்?"

"நெல் அதிகமாகி இடமில்லாமல் பூட்டினார்."

"அருமை," என்றார் அமைச்சர். "வரலாற்றில் இந்தக் கோணத்தை இதுவரை யாரும் ஆராயவில்லை."

போர்க் காட்சியை வாங்க ஆள் வரவில்லை. எனவே போர் நடக்கவில்லை என்று முடிவாயிற்று. அந்தப் போரில் இறந்த வீரனுக்கு ஊர் எல்லையில் நட்டிருந்த கல் மட்டும், காரணம் தெரியாமல் நின்றுகொண்டிருந்தது.

பாலம் கட்டிய ராணியின் காட்சியை ஒரு மர வியாபாரி வாங்கினார். அவர் தாராள மனதுக்காரர். தம் பெயர் எழுதிய ஒரு பெரிய படுதா செய்து அனுப்பினார். அதில் பாலம் ஒன்று வரைந்திருந்தது. கைப்பிடிச் சுவர், தூண், தூணுக்குத் தூண் யானை முகம், எல்லாம் இருந்தன. ஓடையைவிட அந்தப் பாலம் இரண்டு மடங்கு அகலம். அதைக் கட்டித் தொங்கவிட இடம் போதாமல், ஓடைக்கரையில் இரண்டு கம்பம் நட்டு அங்கேயே விரித்துவிட்டார்கள்.

வேலம்மை பனந்தடியில் பாதி வந்து நின்று, அந்தப் படத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"பேச்சி, ஏல பேச்சிமுத்து!"

"என்ன ஆத்தா?"

"இந்தத் துணியை நாலா மடிச்சு ஓடைக்குக் குறுக்கப் போட்டா, ஒரு ஆள் தாண்டும்லா?"

"புரவலர் பேரு மேல கால் படக் கூடாதுன்னு உத்தரவு ஆத்தா."

"அப்ப பேரு இல்லாத பக்கமாப் போடு."

"ரெண்டு பக்கமும் பேரு எழுதியிருக்கு."

வேலம்மை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். மீதிப் பாதியை நடந்து போய், செண்பகத்தின் வயிற்றில் எண்ணெய் தடவிவிட்டு, மறுபடி ஜன்னல் ஏறித் திரும்பி வந்தாள்.

புரட்டாசி பிறந்தது. அரண்மனையில் ஒருநாள் மாமன்னர் கேட்டார்: "விழாவுக்கு எல்லாம் தயார்தானே?"

"தயார் மாமன்னரே. கஜானா மட்டும் காலி."

"இலவச விழாவுக்கு எப்படிச் செலவாயிற்று?"

"இலவசம் என்று அறிவித்ததில்தான். முதலில் வரவேற்பு வளைவுகள் வைத்தோம். பிறகு வளைவுகளை வைத்த தங்களுக்கு நன்றி சொல்லும் வளைவுகள் வைத்தோம். பிறகு..."

"கையில் என்ன மிச்சம்?"

"ஒரு வளைவு."

"கூத்தாவது தயாரா?"

அமைச்சர் தொண்டையைச் செருமினார். கூத்து தயாராக இல்லை. பஞ்சமும் போரும் போனபின் மிஞ்சியதை ஒத்திகை பார்த்தபோது, மாமன்னர் பிறந்தார், சிரித்தார், எல்லோரும் நன்றாக இருந்தார்கள் என்று முடிந்துபோயிற்று. பறைக்காரர்கள் அடிப்பதற்கு இடம் வரவில்லை என்று காத்திருந்து, உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார்கள். பழைய ராஜா வேஷக்காரனைப் பிடித்து வரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தார் அமைச்சர். சுடலைமுத்து சபை நடுவில் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"உங்கள் கூத்து முன்பெல்லாம் எப்படி நன்றாக இருந்தது?" என்று கேட்டார் அமைச்சர். "ரகசியம் என்ன?"

"ரகசியம் ஒண்ணுமில்ல சாமி. வீடு வீடாப் போவோம். ஏசுவாங்க. அதை அப்படியே ஆடுவோம்."

"அரிசிக்காகத்தானே போனீர்கள்?"

"அரிசி கொஞ்சம்தான் சாமி. அது ஏசுறதுக்கு ஒரு சாக்கு. சும்மா கூப்பிட்டு ராசாவை ஏச முடியுமா? ஒரு படி போட்டா உரிமையா ஏசலாம்லா? எங்களுக்கும் ஏச்சு கெடச்சாத்தான் பாட்டு வரும்."

பிச்சையைத் தடுத்ததாக நினைத்துக் கூத்தையே தடுத்துவிட்டார்கள் என்பது எல்லோருக்கும் புரிந்தது. அமைச்சருக்கு மட்டும் ஒரு யோசனை பளிச்சிட்டது. அவருடைய யோசனைகள் அப்படித்தான் வரும்.

"மாமன்னரே! தாங்களே போனால் என்ன? ஓலை நாள் அடுத்த வாரம். மாமன்னர் மக்களின் வாசலுக்கே வந்தார் என்றால் விழாவுக்குப் படியரிசியும் வரும், குடத்தில் ஓலையும் விழும்."

"நாமா? கையேந்தியா?"

"கையேந்துவதாக எண்ண வேண்டாம். கைகளைச் சற்று முன்னால் நீட்டியபடி மக்களைச் சந்திப்பதாக எண்ணுங்கள்."

மாமன்னருக்கு அது பிடித்திருந்தது. "என்ன பேச வேண்டும்?"

"பேசக் கூடாது சாமி," என்றான் சுடலைமுத்து. "ஒரே ஒரு விதிதான். அவங்க சொல்லுவாங்க. ராசா வாய் திறக்கக் கூடாது."

"கேட்பது மட்டுமா?" என்றார் மாமன்னர்.

"தங்களுக்குப் புதுமையாக இருக்கும்," என்றார் அமைச்சர்.

ஊருக்குள் தட்டுவதற்குக் கதவே இல்லை என்பது வந்து இறங்கிய பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது. "முதல் படி எங்க மதினி வாசல்லதான் சாமி," என்றான் சுடலைமுத்து. "அவ போட்டாத்தான் மத்தவங்க ஜன்னலையாவது திறப்பாங்க." பல்லக்கு ஓடைக்கரை வரை போயிற்று. அதற்குமேல் போக வழியில்லை. மர வியாபாரியின் படுதாவில் பிரமாதமான பாலம் ஒன்று காற்றில் படபடத்தது. அதற்குக் கீழே பனந்தடி கிடந்தது.

"பொற்கிரீடத்தோடு இதில் ஏற முடியாது," என்றார் அமைச்சர். "ஓடையில் விழுந்தால் யார் தேடுவது? பேச்சிமுத்து, அந்தச் சான்றுப் பொருள் உன்னிடம்தானே இருக்கிறது?"

பேச்சிமுத்து பையிலிருந்து பனையோலைக் கிரீடத்தை எடுத்துத் துடைத்துக் கொடுத்தான். மாமன்னர் அதை வைத்துக்கொண்டார். சரியாகப் பொருந்தியது. சுடலைமுத்துவுக்கு மட்டும் லேசாக வயிறெரிந்தது.

மேகம் திரண்டிருந்தது. மாமன்னர் கடகப்பெட்டியோடு தடியில் ஏறினார். நான்கடி நடந்தார். பிறகு உட்கார்ந்தார். பிறகு, மகுடபுரியின் வரலாற்றிலேயே முதல்முறையாக, ஒரு மன்னர் தம் மக்களை நோக்கி முழங்காலில் தவழ்ந்து சென்றார். பின்னாலேயே பேச்சிமுத்து, அவர் விழுந்தால் பிடிக்க. கொடுக்க வேண்டிய படியைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் முழுக்க அக்கரை ஜன்னல்களிலும் கூரைகளிலும் தொங்கிக்கொண்டிருந்தது.

"யாருடி அது, புது ராசா வேஷம்?"

"தெரியல. தவழுறது நல்லாயிருக்கு. மீசைதான் சரியா ஒட்டல."

வேலம்மை படியை நிறைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். எதிரே நின்றவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். இது வேஷமில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. ஜிகினா வேஷ்டியில் சேறு ஒட்டுகிற விதம் வேறு, பட்டில் ஒட்டுகிற விதம் வேறு.

"அம்மையே, உங்கள் அன்புக்குரிய நாம்—"

"ராசா வாய் திறக்கக் கூடாது."

"மாமன்னர் இரண்டு வார்த்தை பேசட்டும்!" என்று அக்கரையிலிருந்து கத்தினார் அமைச்சர்.

"நீங்களும்தான் அமைச்சரய்யா," என்று இக்கரையிலிருந்து கத்தினாள் வேலம்மை. பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "ஓடைக்கு மேல பாலம் இடிஞ்சு மூணு மழை ஆச்சு மகராசா. எப்படி வந்தீங்கன்னு நான் பார்த்துக்கிட்டுத்தான் நின்னேன், அதனால அதைப் பத்திச் சொல்லலை. நீங்க முட்டி போட்டு வந்த தடியிலதான் நான் கைவிளக்கைப் பிடிச்சுக்கிட்டுப் போறேன். அந்தா, அக்கரையில ஓரமா நிக்கானே துண்டைப் பிடிச்சுக்கிட்டு, அவன் பெண்டாட்டிக்கு இந்த ஐப்பசி. பிள்ளை குறுக்கக் கெடக்கு. கைவெச்சுத் திருப்பணும். அக்கரையில நின்னு கத்தித் திருப்ப முடியாது. அவனுக்கு இது தெரியாது. நான் இப்ப உங்களுக்குத்தான் சொல்லுதேன். ஓடையில தண்ணி வந்துட்டா எனக்குக் கை இருந்தும் இல்ல."

ஒரு துளி விழுந்தது. பிறகு இன்னொன்று. ஓடையின் மேற்புறத்தில் எங்கோ மழை பிடித்திருக்க வேண்டும்; செந்நீர் சலசலத்து வந்து தடியின் அடிவயிற்றைத் தொட்டது. மாமன்னர் திரும்பிப் பார்த்தார். வந்த வழி மெல்ல நனைந்துகொண்டிருந்தது. காற்றில் கிரீடம் ஆடியது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையில் பெட்டி நீண்டிருந்தது.

பேச்சிமுத்து நெளிந்தான். மடியில் இருந்த ஓலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, கிட்டத்தட்ட அழுகிற குரலில் சொன்னான்: "ஆத்தா, இப்ப நான் என்ன செய்யட்டும்? சட்டத்துல 'யாராயினும்'னு போட்டிருக்கு. நானா கேக்க?"

"நீ சும்மா நில்லுலே. உன்னை வெளியே எடுத்தவ நான். நானே கேக்கேன்."

அக்கரை ஜன்னல்களில் யாரும் சிரிக்கவில்லை. வேலம்மை நிறைபடியைப் பெட்டிக்கு மேலே பிடித்தாள், கவிழ்க்கவில்லை.

"போடத்தான் நிக்கேன் மகராசா. ஆனா சட்டம் நீங்க போட்டது, அதுக்கும் பதில் வேணும்லா: கிரீடத்தை எறக்குதீங்களா, கையை எறக்குதீங்களா?"